ஓபியாய்டு மருந்துகளும் மரபணுக்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியனவும் ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஃபென்டனில், டிரமடால் போன்றனவும் ஓபியாய்டுகள் எனப்படுகின்றன. நரம்பணுக்களின் மேற்பரப்பில் அமைந்து மருந்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ‘மியூ’ ஏற்பி என்னும் புரதத்தின் வழியாகவே இவை முதன்மையாக வலியைத் தணிக்கின்றன.

நம்பிக்கை: ஒரே அளவு மருந்து எல்லோருக்கும் ஒரே பலனைத் தரும்.

உண்மை: கோடீனின் ஒரு சிறு பகுதியைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்னும் நொதி மார்ஃபினாக மாற்றிய பின்னரே மூளையில் அதன் முழுச் செயல் தொடங்குகிறது. இந்நொதிக்கான மரபணு செயலிழந்த நிலையில் பிறந்தோருக்கு, அதாவது ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு, அம்மாத்திரை பெரும்பாலும் கேட்பதில்லை. மாறாக, அம்மரபணுவின் கூடுதல் படிகளைக் கொண்டவர்களின் உடலில் மார்ஃபின் விரைந்து பெருகுவதால் மூச்சு ஒடுங்கும் அபாயம் எழுகிறது. டான்சில் அறுவைக்குப் பின் வழக்கமான அளவில் கோடீன் பெற்ற குழந்தைகள் சிலர் இவ்வாறு இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் அத்தகைய பயன்பாட்டுக்கு எதிராகக் கடும் எச்சரிக்கை விடுத்ததோடு, 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனே கூடாது என்றும் அறிவித்தது.

நம்பிக்கை: போதைக்கு அடிமையாவது ஒரே ஒரு மரபணுவின் வேலை.

உண்மை: மியூ ஏற்பிக்கான ஓபிஆர்எம்1 மரபணுவின் 118ஆம் இடத்தில் அடினைனுக்குப் பதிலாகக் குவானைன் அமையும்போது, ஏற்பியின் 40ஆவது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. இம்மாற்றம் உடையோருக்கு அறுவைக்குப் பின் சற்றே கூடுதல் மார்ஃபின் தேவைப்படுவதாகச் சில ஆய்வுகள் காட்டினும், அதற்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஓபியாய்டு அடிமைத்தனத்தில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிட்டாலும், அப்பங்கு பல மரபணுக்களிடையே சிதறிக் கிடக்கிறது. எஞ்சியது வாழ்க்கைச் சூழலைச் சார்ந்தது.

நம்பிக்கை: யார் அடிமையாவார் என்பதை மரபணுச் சோதனை முன்கூட்டியே சொல்லிவிடும்.

உண்மை: 15 மரபணு மாறுபாடுகளைக் கொண்டு அடிமையாகும் அபாயத்தைக் கணிப்பதாகக் கூறும் ‘அவர்ட்டி’ சோதனைக்கு எதிராக 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு பெரும்பான்மையாக வாக்களித்திருந்தும், அந்நிர்வாகம் 2023 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது; ஆனால் அதன் நம்பகத்தன்மையை மரபியலாளர் பலர் ஏற்கவில்லை.

மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் சிஒய்பி2டி6 சோதனைக்கு உள்ள பயன், அடிமைத்தனத்தைக் கணிக்கும் சோதனைகளுக்கு இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே, வலி மாத்திரை கேட்கவில்லையெனில் அளவைத் தாமே கூட்டிக்கொள்ளாமல், அதனை மருத்துவரிடம் தெரிவிப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.