எழுத்தை எண்ணும் நிரலுக்கும் ஒரு தேர்வு

கற்றல் நோக்கம்: நிரலை ஏன் சோதிக்க வேண்டும், அதற்கெனச் சோதனைச் சட்டகம் எப்போது பயன்படும் என்பதை மாணவர் அறிதல்.

அறிமுகம்

'திருவக்கரை' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? தி, ரு, வ, க், க, ரை என எண்ணி 6 என்பார் தொடக்கப்பள்ளி மாணவர். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் பயிலும் பைத்தான் மொழியில், சரத்தின் நீளம் காணும் 'லென்' செயற்கூறோ 10 என்கிறது. ஒருங்குறியில் 'தி' என்பது த, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். 'க்' என்பது க, புள்ளி என இரண்டு. லென் இவற்றைத் தனித்தனியே எண்ணிவிடுகிறது.

இதே நிரலை 'பல', 'வட', 'அகல' ஆகிய சொற்களால் மட்டும் சோதித்தால் மூன்றுக்கும் சரியான விடையே வரும். எளிய வினாக்கள் மட்டுமே உள்ள வினாத்தாள் மாணவரின் குறையைக் காட்டாது, நிரலுக்கும் அப்படித்தான்.

சட்டகம் எதற்கு?

குறிகளையும் புள்ளியையும் விட்டு எண்ணுமாறு நிரலைத் திருத்துகிறோம். இப்போது 6 வருகிறது. அடுத்து 'திருவக்கரை கல்மரம்' எனக் கொடுத்தால் 11க்குப் பதில் 12 வருகிறது; இடைவெளியும் எழுத்தாகிவிட்டது. மீண்டும் திருத்துகிறோம். முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியா? ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் எல்லாச் சொற்களையும் கையால் உள்ளிட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சோதனைச் சட்டகம் அவை அனைத்தையும் ஒரே கட்டளையில் ஓட்டி, தவறியவற்றை மட்டும் எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை இரண்டுடனும் காட்டும்.

ஜாவா மொழிக்கு 1997இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் ஜேயூனிட் சட்டகத்தை உருவாக்கினர். பைத்தானில் 2001 முதல் 'யூனிட்டெஸ்ட்' உடன் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் தனியே நிறுவ வேண்டியதில்லை.

எப்போது தேவை?

ஒருமுறை ஓட்டிவிட்டு விட்டுவிடும் பத்து வரி நிரலுக்குச் சட்டகம் வேண்டாம். தாளில் எழுதிச் சரிபார்த்தால் போதும். பலமுறை திருத்தப்படும், பலர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு அது அவசியம். ஆனால் சட்டகத்துக்குத் தமிழ் தெரியாது. எதிர்பார்க்கும் விடையாக நாம் 10 என்று எழுதினால் தவறான நிரலையும் தேர்ச்சி என்றே அறிவிக்கும். சரியான விடை இலக்கணம் அறிந்தவரிடமிருந்தே வர வேண்டும். எனவே இப்பாடத்தைத் தமிழாசிரியருடன் இணைந்து நடத்துவது நன்று.

செயல்பாடு

மாணவர்கள் குழுவாக அமர்ந்து, நிரல் எழுதும் முன்பே சொற்களையும் விடைகளையும் பட்டியலிடட்டும்: விழுப்புரம் 6, திண்டிவனம் 6, எஃகு 3, வெற்றுச் சரம் 0. பின்னர் லென் தரும் விடையோடு ஒப்பிடட்டும்.

மதிப்பீடு

1. விழுப்புரத்துக்கு லென் 11 எனத் தருவது ஏன்?
2. உங்கள் பட்டியல் கண்டுபிடிக்காத பிழையை வெளிக்கொணரும் ஒரு சொல்லை அடுத்த குழுவுக்குக் கொடுங்கள்.