செயலிக்குள் ஒரு வாணிகம்

கைப்பேசிச் செயலிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், அவற்றினுள்ளே கூடுதல் பாடமோ, விளையாட்டுக் காசோ விலைக்கு இருப்பதைக் காண்கிறோம். இவ்வசதி ஐபோனில் 2009ஆம் ஆண்டிலும், ஆண்ட்ராய்டில் 2011ஆம் ஆண்டிலும் வந்தது. இதனைச் செவ்வனே அமைப்பது எங்ஙனம் என்பதை, நான் செய்த பிழையைக் கொண்டே விளக்க விழைகிறேன்.

சென்ற ஆண்டு, வினா விடைத் தொகுப்பொன்றை ஆண்ட்ராய்டு செயலியாக அமைத்தேன். முதற்பகுதி இலவசம், மற்றவை ஐம்பது ரூபாய். விடுதி நண்பர் ஒருவர் பணம் செலுத்திய கணத்தில் இணைய இணைப்பு அறுந்தது. பகுதிகள் திறக்கவே இல்லை. மூன்று நாள் கழித்துப் பணம் அவருக்கே திரும்பியது. ஆனால் அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. "காசு கட்டியும் படிக்க முடியலையே" என்றார். நான் தலைகுனிந்தேன்.

காரணம் யாது? பணம் கட்டியதும் வாணிகம் முடிந்தது என எண்ணியிருந்தேன். காசை வாங்கிய நடத்துனர் சீட்டைத் தர வேண்டாமா? பொருளைத் தந்துவிட்டதாக மூன்று நாள்களுக்குள் ஒப்புகை அனுப்பாவிடில், கூகுள் பிளே பணத்தைத் திருப்பிவிடும், உரிமையும் நீங்கும்.

சரியான முறை வருமாறு:

1. செயலி திறக்கப்படும்போதெல்லாம், முடிவுறாத கொள்முதல் உண்டா எனக் கூகுள் பிளேயிடம் வினவுக.

2. பணம் நிலுவையில் இருப்பின் பொருளைத் தரலாகாது.

3. கொள்முதலுடன் வரும் டோக்கனை நம் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து கூகுளிடம் சரிபார்க்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் சரிபார்த்தால், செயலியையே திருத்தி ஏமாற்றுவோர் உளர்.

4. டோக்கனைப் பதிவு செய்து, உரிமையை வழங்கி, அதன் பின்னரே ஒப்புகை அனுப்புக. முறை மாறினால், இடையில் தடை நேரும்போது பணமும் போகும், பொருளும் கிட்டாது. ஒரே டோக்கன் மீண்டும் வந்தால் இருமுறை வழங்கலாகாது.

5. விளையாட்டுக் காசு போன்றவை நுகரப்பட்டதாக அறிவித்தால்தான், அவற்றை மறுமுறை வாங்க இயலும்.

ஐபோனிலும் நெறி இதுவே. பொருளை வழங்கிய பின்னரே பரிமாற்றத்தை முடித்ததாக அறிவிக்க வேண்டும். நிலையான உரிமைகளைப் புதிய கைப்பேசியில் மீட்டுப் பெறவும் வழி வைத்தல் வேண்டும்.

இவ்வாறு திருத்தியபின், பணம் செலுத்தும் கணத்தில் நானே இணைப்பைத் துண்டித்துப் பன்முறை சோதித்தேன். அடுத்த பருவத் தேர்வுக்கு அந்நண்பர் மீண்டும் வாங்கினார். இம்முறை பகுதிகள் திறந்தன.