கடற்காற்று காப்பாற்றாது

"கடற்காற்றைக் காட்டிலும் பெரிய விசிறி எது?" என்ற கேள்வியைப் படகு வைத்திருப்போர் வாயிலிருந்து நான் கேட்காத துறை பழவேற்காட்டிலிருந்து தூத்துக்குடி வரையில் இல்லை. பெட்ரோலில் ஓடும் படகின் யந்திர அறைக்குக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மின்விசிறி அவசியம் என்று சொல்லத் தொடங்கிய மாத்திரத்தில், நாற்புறமும் திறந்த வெளியில் மிதக்கும் கலத்துக்கு இந்த வீண் செலவு எதற்கு என்றும், பெட்ரோல் ஆவி லேசான வஸ்துவாகையால் மூடியைச் சற்றே தூக்கிவிட்டால் தானாக மேலே போய்விடும் என்றும் பதில் வந்துவிடுகிறது. படித்தவர்களும் சந்தேகமின்றி இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்ரோல் ஆவி மேலே போகாது. காற்றைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு கனமுடைய அந்த ஆவி, கசிந்த இடத்திலிருந்து நீரைப் போலவே பள்ளம் தேடி இறங்கி, அடித்தட்டுக்குக் கீழே படகின் மிகத் தாழ்ந்த மூலையில் போய்த் தங்குகிறது. மேல்தளத்தில் நிற்பவனின் துண்டைப் பறிக்கிற காற்று வீசினாலும், பக்கங்களால் சூழப்பட்ட அந்தப் பள்ளத்தில் ஓர் அசைவும் நேராது. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே அது வெடிக்கும் தன்மையைப் பெற்றுவிடும். ஒரு தேநீர்க் குவளை அளவு பெட்ரோல், அதாவது சுமார் 100 மில்லி லிட்டர், முழுவதும் ஆவியானால் ஒரு கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறு படகுகள் பலவற்றின் யந்திர அறை மொத்தமுமே அவ்வளவுதான். மண்ணெண்ணெயோடு பழகிய கைகள் பெட்ரோலையும் அதே அலட்சியத்தோடு கையாளுகின்றன. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் விடும்.

மூடிய அறையில் பெட்ரோல் யந்திரம் பொருத்தி 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டப்பட்ட படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் இந்த மின்விசிறியைக் கட்டாயமாக்கியதோடு, யந்திரத்தைக் கிளப்புமுன் நான்கு நிமிஷம் அதை ஓட்ட வேண்டும் என்ற எச்சரிக்கையைச் சாவியின் அருகிலேயே ஒட்டும்படியும் செய்திருக்கின்றன. உறிஞ்சும் குழாயின் வாய் அறையின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள், ஆனால் வழக்கமாகத் தேங்கும் நீரின் மட்டத்துக்கு மேலே, அமைய வேண்டும். காற்றோட்டமும் நீர்வடிப்பும் வெவ்வேறு காரியங்கள் என்று எண்ணுபவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையை மனத்தில் வாங்கிக்கொள்வதே இல்லை.

உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றின் மூடியை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் விசிறி நன்றாகவே இரைந்தது. சொந்தக்காரர் திருப்தியோடு தலையசைத்தார். வெளிப்புறத் துவாரத்தில் கையை வைத்தால் காற்றே இல்லை. கீழே, எண்ணெய் படர்ந்த பழுப்பு நீரில் ஒரு கயிற்றுத் துண்டும் பிளாஸ்டிக் உறையும் மிதக்க, சுருள்கம்பி வைத்த ஹோஸின் வாய் அந்நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அத்தகைய படகில் விசிறி ஓடுவதும் ஓடாமலிருப்பதும் ஒன்றே. நீரில் கலந்த பெட்ரோல் அதன் மேலே மிதந்து, ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்தால், அடியில் நீர் தேங்க விடுவது எத்தகைய அஜாக்கிரதை என்பது விளங்கும்.

நீர் சம்பந்தமான பிரமைகளும் உண்டு. பம்பு இருக்கையில் பயமேன் என்பவர்கள், பெட்டியின் மீது அச்சிட்ட அளவு நீரைச் சிறிதும் உயரே தூக்க வேண்டாத நிலையில் எடுக்கப்பட்டது என்பதை அறியார்கள். அமரத்தின் அடித்தக்கையை ஓட்டத்திலேயே பிடுங்கி நீரை வடிப்பது சிலருக்கு ஒரு சாமர்த்தியம். வேகம் குறைந்ததும், நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே அமைந்த 25 மில்லி மீட்டர்த் துவாரம் நிமிஷத்துக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே விடும். இரண்டு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கொண்ட தளத்தில் பத்து சென்டிமீட்டர் மழைநீர் நின்றால் அது ஒரு டன் சுமை. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சேரும் சுமையும்கூட.

மூக்கில் வாசனை படவில்லையே என்பது இன்னொரு சமாதானம். மோந்து பார்ப்பது நல்ல வழக்கமே. ஆனால் மேல்தளத்தில் நின்று மோந்தால் அடியிலுள்ளது தெரியாது, யந்திரப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது. ஓடும் படகின் பின்புறம் சுழலும் காற்று அந்தப் புகையை அறைக்குள்ளேயே திருப்பி இழுத்து வரும். டீசல் யந்திரத்துக்குக் காற்று வேண்டாம் என்பது அறவே தவறு; வெடிக்கும் அபாயம் அதில் மிகக் குறைவு என்பது மட்டுமே மெய்.

இவை யாவற்றுக்கும் மேலாக என் மனத்தை உறுத்துவது, மோட்டார் காரிலிருந்து கழற்றிய ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் சல்லிசாகக் கிடைக்கிறதென்று படகில் பூட்டும் பழக்கம். காரில் கசியும் ஆவி அடிப்புறம் வழியாக வெளியேறிவிடுமாகையால் அவற்றின் தீப்பொறியை யாரும் அடைத்து வைப்பதில்லை. படகுக்கென்று செய்தவற்றில் அப்பொறி வெளியேறாதபடி அடைப்பு உண்டு. விலை வித்தியாசம் அதற்காகவே.

ஆகவே, படகுக்காரர்களே, பெட்ரோல் நிரப்பும்போது மூடிகளையெல்லாம் சாத்துங்கள். நிரப்பியபின் அவற்றைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடுமுன் குனிந்து மோந்து, நீர் தேங்கியிருந்தால் கையாலேயே இறைத்துவிட்டு, பிறகு நான்கு நிமிஷம் விசிறியை ஓட்டுங்கள். அதன் பின்னும் வாசனை அடித்தால் கசிவைக் கண்டுபிடிக்கும்வரை சாவியைத் திருப்பாதீர்கள். உரிமம் வழங்கும் அதிகாரிகளும் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், யந்திர அறையின் மூடியைத் தூக்கி, அந்த ஹோஸின் வாய் எங்கே இருக்கிறதென்று தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.