டர்போ எஞ்சினில் எரிதவறலும் தயக்கமும்: காரணம் காணும் முறை

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எழுகின்றதா என்று பார்ப்பதற்குப் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை ஒன்றுண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினின் உலோகப் பகுதியில் தொடவைத்து, எஞ்சினைச் சுழலச் செய்வார்கள். இடைவெளியில் நீலப்பொறி பளிச்சிட்டால், பிளக்கும் காயிலும் நல்ல நிலையில் இருப்பதாக முடிவு செய்வார்கள். டர்போசார்ஜர் பொருத்திய கார்களில் இம்முடிவு பல வேளைகளில் தவறாகிவிடுகின்றது. திறந்த வெளியில் தாவும் பொறி சிலிண்டருக்குள்ளும் தாவும் என்பதற்கு உறுதியில்லை. இதன் காரணத்தையும், குறையை முறைப்படி கண்டறியும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

டர்போசார்ஜரின் வேலை

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் வீணாகும் ஆற்றல் உண்டு. அப்புகையைக் கொண்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள கம்ப்ரஸரால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போசார்ஜரின் வேலையாகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளரான ஆல்பிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். 1962இல் அமெரிக்காவில் இது பயணிகள் காரில் விற்பனைக்கு வந்தது. இன்று இந்தியாவில் விற்பனையாகும் மூன்று சிலிண்டர் சிறு கார்கள் சிலவற்றிலும் இதனைக் காணலாம்.

காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சினும் பெரிய விசை தரும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகின்றது. பொறியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

அழுத்தமும் மின்பொறியும்

ஓர் இடைவெளியில் பொறி தாவத் தேவையான வோல்ட் அளவு, வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையைச் சார்ந்தது என்பதை ஜெர்மன் விஞ்ஞானி பிரீட்ரிக் பாஷென் 1889இல் நிறுவினார். வெப்பம் மாறும் இடங்களில் அழுத்தத்திற்குப் பதில் அடர்த்தியைக் கொள்ள வேண்டும். 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைக் கொண்டு ஏறக்குறைய கணக்கிட்டால் கிடைப்பவை வருமாறு:

திறந்த வெளியில்: 3,300 வோல்ட்.
காற்றின் அடர்த்தி பத்து மடங்கானால்: 22,000 வோல்ட்.
டர்போசார்ஜரால் அவ்வடர்த்தி மேலும் ஒன்றரை மடங்கானால்: 32,000 வோல்ட்.
பிளக் தேய்ந்து இடைவெளி 0.9 மில்லிமீட்டரும் ஆகிவிட்டால்: 40,000 வோல்ட்.

ஓடும் எஞ்சினில் மின்முனைகள் சூடேறியிருப்பதால் உண்மைத் தேவை இதனினும் ஓரளவு குறையலாம். எனினும் வேறுபாட்டின் தன்மை விளங்கும். வெளியில் 3,300 வோல்ட்டில் தாவிக் காட்டிய காயில், உள்ளே அதனினும் பன்மடங்கு தர வேண்டியுள்ளது. காயிலின் உறையில் மெல்லிய வெடிப்பு இருப்பின், மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாவாமல் அவ்வெடிப்பின் வழியே கசிந்துவிடும். கலவை எரியாமல் வெளியேறும். இதுவே எரிதவறல், பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்பர்.

எரிதவறல் வேறு, தயக்கம் வேறு

எரிதவறலில் வண்டி குலுங்கும். வெட்டி வெட்டி இழுக்கும். தயக்கத்தில் குலுக்கம் இராது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் விசை தாமதமாக வரும். 'பிக்கப் இல்லை' என்று ஓட்டுநர் கூறுவது பெரும்பாலும் இதனையே. டர்பைன் வேகம் பெறச் சிறிது நேரம் வேண்டுமாதலின் இம்மி அளவுத் தயக்கம் இயல்பானது. அது முன்பைவிட நீண்டிருந்தால், அழுத்திய காற்று செல்லும் ரப்பர் குழாய் கிளாம்ப்பிலிருந்து நழுவியிருக்கலாம். இன்டர்கூலரில் கசிவு இருக்கலாம். அல்லது புகையை டர்பைனுக்குச் செல்லாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவு மூடாமல் நின்றிருக்கலாம்.

ஆகவே ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் வினா, குறை எப்பொழுது தோன்றுகின்றது என்பதே. அவர் தரும் விடையைக் கொண்டு காரணத்தை ஓரளவு வகைப்படுத்தலாம்.

1. ஏற்றத்தில், முழு விசையில் மட்டும் குலுங்கினால்: பிளக், காயில்.
2. வண்டி நிற்கையில் குலுங்கி, ஓடும்போது சீரானால்: த்ராட்டிலுக்குப் பின் காற்றுக்கசிவு, இன்ஜெக்டர் அடைப்பு, வால்வு சரியாக மூடாமை.
3. உயர்வேகத்தில் எல்லாச் சிலிண்டர்களும் தளர்ந்தால்: பெட்ரோல் பம்ப்பின் அழுத்தக் குறைவு.
4. குளிர்ந்த நிலையில் மட்டும் குலுங்கினால்: பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில், உள்வால்வில் படிந்த கரி.

இவை முதல் ஊகங்களே; சோதனையால் உறுதி செய்த பின்னரே முடிவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று சிலிண்டர் டர்போ கார் ஒன்று கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்வதாகக் கொள்வோம். கால்கா ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்திலும், சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சிம்லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. ஆதலின், கடல்மட்டத்தில் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால் கிடைக்கும் அதே அழுத்தத்தைப் பெற, அங்கே இரு மடங்கு அழுத்த வேண்டும். சமவெளியில் சீராக ஓடிய கார், நால்வரை ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரில் ஏறும்போது குலுங்குகின்றது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிகின்றது.

எச்சரிக்கை விளக்கு இவ்வாறு மின்னுவதைப் புறக்கணித்தல் ஆகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து, அதன் பீங்கான் பகுதியை உருக்கிவிடக்கூடும். மலைப்பாதையில் மற்றொரு வண்டியை முந்தும் தறுவாயில் விசை அறுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, முந்துவதைத் தவிர்த்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும்.

அடுத்து ஸ்கேனரைப் பொருத்திக் குறியெண்ணைப் படிக்கலாம். நிமிடத்திற்கு 2,000 சுற்றில் இவ்வெஞ்சினில் நொடிக்கு 50 முறை எரிதல் நிகழ வேண்டும். அதாவது 20 மில்லிநொடிக்கு ஒன்று. ஒன்று தவறினால் கிராங்க் தண்டின் வேகம் அக்கணத்தில் சற்றே குறையும். கட்டுப்பாட்டுக் கருவி அதனை அளந்து, எந்தச் சிலிண்டர் என்று குறித்துவைக்கும். பி 0302 என்பது இரண்டாம் சிலிண்டரையும், பி 0300 என்பது குறிப்பிட்ட சிலிண்டர் ஒன்றைச் சாராத எரிதவறலையும் காட்டும். குறியெண் இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது.

இங்கே பி 0302 கிடைத்ததாகக் கொள்வோம். எஞ்சின் ஆறிய பின், முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றுக. குறியெண்ணை அழித்துவிட்டு, அதே ஏற்றத்தில் அதே கியரில் ஓட்டுக. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஸ்கேனரைக் கவனிக்க வேண்டும். குறியெண் பி 0301 ஆக மாறினால், குறை காயிலோடு சென்றது என்பது தெளிவு. மாறாவிட்டால் பிளக்குகளை இடம் மாற்றி மீண்டும் ஓட்டுக. அப்பொழுதே இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, தயாரிப்பாளர் கையேட்டில் கண்ட அளவோடு ஒப்பிடுக. அப்பொழுதும் மாறாவிட்டால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒரு பொருளை மட்டுமே மாற்றுதல் இம்முறையின் உயிர்நிலை. இரண்டை ஒருங்கே மாற்றினால் குறை நீங்கினாலும் காரணம் விளங்காது. உரிமையாளரின் பணமும் வீணாகும்.

பழைய முறைப்படி திறந்த வெளியில் பொறி பார்த்தல் மற்றொரு வகையிலும் தீது. பிளக்கில்லாத துளையின் வழியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றலாம். நுண்ணிய மின்கருவிகளும் பழுதடையலாம்.

கசிவு பற்றி ஒரு குறிப்பு

காற்றின் எடையை முகப்பிலேயே அளக்கும் எஞ்சின்களில், அளந்த காற்று கம்ப்ரஸருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கசிந்தால், அக்காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் பீய்ச்சப்படும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் எடை விகிதம் கெட்டுக் கரும்புகையும் எரிதவறலும் தோன்றலாம். உள்குழாயின் அழுத்தத்தை மட்டும் அளந்து கணக்கிடும் எஞ்சின்களில் அதே கசிவு பெரும்பாலும் விசைக்குறைவாகவும் சீழ்க்கை ஒலியாகவும் மட்டுமே வெளிப்படும். ஆதலின் ஒரே குறைக்கு இரு வண்டிகளில் இரு வேறு அறிகுறிகள் தோன்றுதல் வியப்பன்று.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் மேற்கண்ட வோல்ட் அளவுகளைக் கரும்பலகையில் வரைபடமாகத் தீட்டி, 35,000 வோல்ட்டில் ஒரு கிடைக்கோடு இழுத்து, அதுவே காயிலின் எல்லை என்று கூறலாம். பின்னர்ப் பின்வரும் வினாக்களைக் கேட்கலாம்.

1. தேய்ந்த பிளக் உள்ள வண்டி சமவெளியில் ஏன் குலுங்கவில்லை?
2. காயிலையும் பிளக்கையும் ஒருங்கே மாற்றியபின் குறை நீங்கினால், நாம் அறிந்தது யாது? அறியாதது யாது?
3. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3,000 சுற்றில் நொடிக்கு எத்தனை முறை எரிதல் நிகழும்? (விடை: 100)

ஒரு பொருள் எந்த நிலையில் பழுதுறுகின்றதோ அந்த நிலையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். நின்ற வண்டியில் கண்ட பொறி, ஏற்றத்தில் ஏறும் வண்டிக்குச் சான்றாகாது.