நாள் தள்ளிப்போகும் முன்பே

அன்புள்ள தங்கைக்கு,

கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். கர்ப்பிணிகளின் பதிவேட்டைப் பிரிப்பதற்கு முன், ஊரில் எந்தெந்த வீட்டில் கல்யாணம் நடந்தது என்று விசாரி. நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். சரியாக மூடாவிட்டால் பிள்ளை முதுகில் பிளவோடு பிறக்கலாம். நாள் தள்ளிப்போய், மாமியாரிடம் சொல்லி, உன்னிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்க ஒரு பெண் வரும்போது பெரும்பாலும் அந்தக் கெடு கடந்திருக்கும். அதனால் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கச் சொல். கீரையும் பாசிப்பயறும் நல்லவைதான்; மாத்திரைக்கு ஈடாகா. "இன்னும் உண்டாகவே இல்லை, அதுக்குள்ள எதுக்கு மாத்திரை?" என்பார்கள். மாமியாரையும் கணவனையும் சேர்த்து உட்காரவைத்தே பதில் சொல்.

வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறாளா என்றும் கேள். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும். அவளாக நிறுத்துவதும் ஆபத்து. கருவுறும் முன்பே மருத்துவரிடம் அனுப்பு. தாய்மாமனைக் கட்டியவளைக் கடிந்துகொள்ளாதே. நெருங்கிய உறவுத் திருமணம் என்பதால் மரபியல் ஆலோசனைக்கு வழிகாட்டு.

அடுத்தது குறைப்பிரசவம். 37 வாரத்துக்கு முன்னே வரும் பிரசவம் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. சிறுநீர்த் தொற்றும் இரத்தசோகையும் நாம் கவனிக்கக்கூடியவை. எனக்குப் பெரிய கவலை, 'சூட்டுவலி' என்ற பேச்சு. எட்டாம் மாதத்தில் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும் சீரகக் கஷாயம் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். உடனே மருத்துவமனை சேர்ந்தால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்க வழியுண்டு. அது நன்றாக வேலைசெய்ய ஒரு நாளாவது வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் கஷாயம் தின்றுவிடுகிறது. வலி வந்தாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும் 108-ஐ அழைக்கச் சொல். வளைகாப்புக்குக் கூடும் பெண்கள் அத்தனை பேர் காதிலும் இதைப் போடு.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகள் குறையோடு பிறக்கும். அந்த வீட்டுக்குத் தாமதிக்காமல் போ. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாய் மேல் பழி விழும். அவள் மேல் தப்பில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல். முதுகுப் பிளவோடு பிள்ளை பெற்றவளுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பத்து மடங்கு, அதாவது தினம் 4 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் தேவை; மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அந்த அளவு, இக்குறை மறுபடி வருவதை ஏறத்தாழ 72 சதவீதம் குறைப்பதை 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அவள் பெயரை உன் ஏட்டில் தனியாகக் குறித்துவை.

அன்புடன்,
அக்கா