மூன்று வட்டியும் பத்து விழுக்காடும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பித் தர வேண்டிய பொருள் என்பது ஒன்று. செய்ய வேண்டிய கடமை என்பது மற்றொன்று. பொன்முடியார் என்னும் சங்ககாலப் பெண்பாற் புலவர், தாயின் கடமை, தந்தையின் கடமை, அரசனின் கடமை ஆகியவற்றை அடுக்கிச் சொல்லும் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் ‘கடன்’ என்னும் சொல்லையே ஆள்கின்றார். ‘நன்றிக்கடன்’ என்று இன்றும் கூறுகிறோம். விருப்பமின்றி ஒரு வேலையைச் செய்பவரைக் ‘கடனே என்று செய்கிறார்’ என்பதும் உண்டு.

கடனைச் சார்ந்த வேறு சில சொற்கள் வடக்கில் வளரும் மாணவர்களுக்கு முன்பே அறிமுகமானவை. அசல், பாக்கி, வசூல், ஜாமீன் ஆகியவை அரபு, பாரசீக மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. இந்தியிலும் உருதுவிலும் அவை வழங்குகின்றன. ‘அசல்’ என்பதற்குத் தமிழில் ‘முதல்’ என்று பெயர். முதலின்மேல் வளர்வது வட்டி.

தில்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பிடித்தம் போகக் கைக்கு வரும் ஊதியம் மாதம் 46,000 ரூபாய். தாய் இல்லத்தைக் கவனித்துக்கொள்கிறார். மகள் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூர் அவர்களுடைய சொந்த ஊர். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறிவிடுவது அவர்கள் வழக்கம். ஆயினும், மூன்று ஆண்டுகளாக அவர்கள் ஊருக்குச் செல்லவில்லை. “அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை” என்றே மகளிடம் கூறப்பட்டது. ஊரில் பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் கேட்கிறார். தந்தை பேச்சை மாற்றிவிடுகிறார்.

உண்மைக் காரணம் வேறு. தங்கையின் திருமணத்திற்காக, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் தந்தை ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார். “மூன்று வட்டிதான்; பழகிய பிள்ளையாயிற்றே” என்று கூறிப் பெரியவர் பணம் கொடுத்தார். தந்தை கடனுறுதிச் சீட்டில் கையெழுத்திட்டார். அதனை ஊரார் ‘புரோநோட்டு’ என்பர். மாதந்தோறும் 3,000 ரூபாய் தவறாமல் ஊருக்குச் சென்றது. ஊருக்குப் போனால் பெரியவரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அசலைப் பற்றிய பேச்சு எழும். ஆகவே, தந்தை ஊரையே தவிர்த்தார்.

ஒருநாள் மகள் கூட்டு வட்டிக் கணக்குகளைச் செய்துகொண்டிருந்தாள். “அப்பா, நமக்கு வட்டிக் கடன் உண்டா?” என்று இயல்பாகக் கேட்டாள். தந்தை சற்று நேரம் பேசவில்லை. தாய்தான், “அவளுக்கும் தெரியட்டுமே, கணக்குப் போடத் தெரிந்தவள்தானே” என்றார். அன்றிரவு மூவரும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தனர்.

முதல் வரியிலேயே மகளுக்கு ஐயம் எழுந்தது. “மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மூன்று. அப்படியானால் ஆண்டுக்கு 3,000 ரூபாய்தானே கொடுக்க வேண்டும்? நாம் ஏன் மாதந்தோறும் கொடுக்கிறோம்?”

இவ்வினா மிகவும் இன்றியமையாதது. வங்கி வட்டியைச் சொல்லும்போது ஆண்டுக் கணக்கில் சொல்லும். ஊர்வழக்கில் வட்டி மாதக் கணக்கில் சொல்லப்படும். ‘மாதத்திற்கு’ என்னும் சொல்லை எவரும் உரைப்பதில்லை. ஊரில் ‘மூன்று வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. தந்தையின் அலுவலகத்தில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்று உண்டு. அது பத்து விழுக்காட்டில் கடன் தருகிறது. “பத்து எங்கே, மூன்று எங்கே” என்று எண்ணியே தந்தை அப்போது சங்கத்தை நாடவில்லை. பேச்சில் சிறியதாகத் தோன்றிய எண்தான் உண்மையில் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது.

மூன்று ஆண்டுகளில் அவர் செலுத்திய வட்டி 1,08,000 ரூபாய். வாங்கிய தொகையைவிட அது மிகுதி. ஆனால், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வட்டியைச் செலுத்தாமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாயிருக்கும். வட்டியை ஆண்டுக்கொரு முறை அசலுடன் கூட்டினாலும், ஒரு லட்சம் இரண்டே ஆண்டுகளில் 1,84,960 ரூபாயாகும் என்று மகள் கணக்கிட்டாள்.

அடுத்து, கடன் அட்டை. அதில் 40,000 ரூபாய் பாக்கி இருந்தது. வட்டி மாதம் 3.5 விழுக்காடு, அதாவது 1,400 ரூபாய். அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 252 ரூபாய். ஆக 1,652 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அறிக்கையில் அச்சிடப்பட்ட 2,000 ரூபாயைத் தந்தை ஒழுங்காகச் செலுத்தி வந்தார். அதில் 348 ரூபாய் மட்டுமே கடனைக் குறைத்தது. குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தினால் தாமதக் கட்டணம் இல்லை என்பது மெய். ஆனால், கடன் தீரும் என்று பொருளில்லை. மேலும், பாக்கி வைத்திருக்கும் அட்டையில் புதிதாக எதை வாங்கினாலும், வட்டியில்லா நாள்கள் கிட்டுவதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்.

மூன்றாவது, வங்கியில் அடகு வைத்த தாயின் சங்கிலி. கடன் 60,000, வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு, மாதத்திற்கு 450 ரூபாய். இவற்றோடு குளிர்பதனப் பெட்டிக்கான தவணை 1,550 ரூபாய்.

தாய் கூட்டிப் பார்த்தார். கடனுக்காக மாதம் 7,000 ரூபாய் போகிறது. தவணையை நீக்கினால் 5,450 ரூபாய். அதில் வட்டியும் வரியும் 5,102 ரூபாய். மூன்று கடன்களும் சேர்ந்து மாதத்திற்குக் குறைவது 348 ரூபாய்தான்.

“முதலில் உன் சங்கிலியை மீட்டுவிடுகிறேன்” என்றார் தந்தை. அதுவே அவர் மனத்தை மிகவும் உறுத்திக்கொண்டிருந்தது. தாய் உடன்படவில்லை. “சங்கிலி வங்கியில் பத்திரமாக இருக்கிறது. இருப்பவற்றுள் குறைந்த வட்டி அதற்குத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் கடனும் அட்டைக் கடனும்தான் முதலில் ஒழிய வேண்டும்” என்றார்.

வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பதே கணக்குப்படி சரியான வழி. அதற்கு அவர்கள் சங்கத்தை நாடினர். 1,40,000 ரூபாயைப் பத்து விழுக்காட்டில் 24 மாதக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 6,460 ரூபாய். முழுவதும் அடைத்து முடிக்கும்போது வட்டியாகச் செலுத்தியிருப்பது சற்றேறக்குறைய 15,000 ரூபாய். பெரியவருக்கு அதே 24 மாதத்தில் செல்லும் வட்டி மட்டும் 72,000 ரூபாய்!

ஆனால், சங்கத்தில் உடன் பணிபுரிவோர் இருவர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். இதுவே தந்தைக்குக் கடினமாயிருந்தது. கடன் இருப்பதை எவரிடமும் அவர் சொன்னதில்லை. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் தம் பக்கத்து மேசை நண்பரிடம் கேட்டார். நண்பர் எதையும் வினவவில்லை. “நானும் சென்ற ஆண்டு இதையேதான் செய்தேன்” என்று கூறிக் கையெழுத்திட்டார். மற்றொருவரையும் அவரே அழைத்து வந்தார்.

முன்பு இரண்டு கடன்களுக்கும் 5,000 ரூபாய், இனி 6,460. கூடுதலாக மாதம் 1,460 ரூபாய் வேண்டும். தாய் ஒரு மாதம் முழுவதும் செலவுகளை எழுதி வந்திருந்தார். அரிசி, பருப்பு, பால், மின்கட்டணம் ஆகியவற்றில் குறைக்க இடமில்லை. வெளியிலிருந்து வரவழைத்த உணவு மட்டும் 2,640 ரூபாய் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி தனக்காக வந்தது என்பதைக் கண்டு மகள் நாணினாள். தேநீரையும் தின்பண்டத்தையும் நிறுத்துவதால் மட்டும் இத்தகைய கடன் தீர்ந்துவிடாது. வட்டி வீதம் குறைந்த பின்னரே சிறு சேமிப்புக்கு வலிமை பிறக்கும். அவர்கள் வெளியுணவை மாதம் இருமுறையாகக் குறைத்தனர்; அட்டையை முடித்து வங்கிக்குத் திருப்பியனுப்பினர். குளிர்பதனப் பெட்டியின் தவணை ஆறு மாதத்தில் முடிந்ததும், அப்பணத்தில் 500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் இட்டுவிட்டு எஞ்சியதைச் சங்கிலிக்கு ஒதுக்கினர். திடீரென மருத்துவச் செலவு வந்தால் மீண்டும் கடனுக்கு ஓடாதிருக்கவே அந்த 500 ரூபாய்.

சங்கக் கடன் கிடைத்த கோடையில் மூவரும் ஊருக்குச் சென்றனர். பெரியவர் பணத்தை இருமுறை எண்ணினார். “என்ன அவசரம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே” என்றார். மாதம் 3,000 ரூபாய் நின்றுவிடுகிறதல்லவா! தந்தை சிரித்துக்கொண்டே, “இல்லை ஐயா, சீட்டைக் கொடுத்துவிடுங்கள்” என்று கடனுறுதிச் சீட்டைக் கேட்டு வாங்கினார். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டை வாங்க மறப்பவர் பலர். அது பின்னாளில் வழக்குக்கு வழிவகுக்கும். திண்ணையில் காத்திருந்த பாட்டி, பேத்தி ஒரு சாண் வளர்ந்துவிட்டதாகக் கூறினார்.

தெரிந்துகொள்வோம்

தண்டல்: 10,000 ரூபாய் கடன் என்று கூறி, 1,000 ரூபாயை முன்னதாகப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பர். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பர். அசல் நாளுக்கு நாள் குறைவதால், கடனாளியின் கையில் சராசரியாக 4,500 ரூபாய்தான் இருக்கும். ஆகவே, ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 விழுக்காடாகிறது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

பயிற்சி

1. ‘கடன்’ என்னும் சொல்லை இருவேறு பொருளில் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

2. தாய் தம் சங்கிலியை முதலில் மீட்க வேண்டாம் என்றது ஏன்? உங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தால் என்ன முடிவு செய்வீர்கள்?

3. ஒருவர் ‘இரண்டு வட்டிக்கு’ 50,000 ரூபாய் வாங்கினார். ஆண்டு வட்டி எத்தனை ரூபாய்? எத்தனை விழுக்காடு?

4. அசல், பாக்கி, வசூல், ஜாமீன்: இச்சொற்கள் நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் எவ்வாறு ஒலிக்கின்றன என்று கேட்டு எழுதுக.

5. உங்கள் வீட்டின் ஒரு வாரச் செலவைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. அவர்கள் சொல்ல விரும்பாதவற்றை வற்புறுத்திக் கேட்க வேண்டா.