முதல் பிழையைப் படி

அன்புள்ள கதிர்,

ஓக்ரே கிராஃபிக்ஸ் எஞ்சினை லினக்ஸில் கம்பைல் செய்யப்போய், திரை நிறையப் பிழைகள் வந்ததும் விட்டுவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். விடாதே. அத்தனை பிழைகளையும் தீர்க்க வேண்டியதில்லை. வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடித்தால் போதும், பாதி தீர்ந்த மாதிரி.

முதல் கட்டம் சிமேக். உன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று அது தேடிப் பார்க்கிறது. லைப்ரரி இருந்தும் "காணவில்லை" என்றால் குழம்பாதே. உபுண்டு, டெபியனில் நிரல் ஓடுவதற்கான கோப்பு ஒரு பேக்கேஜில் இருக்கும். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் "டெவ்" என்று முடியும் இன்னொரு பேக்கேஜில் இருக்கும். ஓக்ரேக்கு வேண்டிய எக்ஸ்11, ஓபன்ஜிஎல் லைப்ரரிகள் இரண்டுக்கும் அந்த டெவ் பேக்கேஜ்களை நிறுவு. பில்டுக்குத் தனி ஃபோல்டர் வைத்துக்கொள். சந்தேகம் வந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இரண்டாவது கம்பைல். ஒரு ஹெடர் கிடைக்காவிட்டால் அதன் பின்னால் நூறு பிழைகள் வரிசை கட்டும். கடைசி வரியைப் பார்த்துப் பயப்படாதே, முதல் பிழையைத் தேடு. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வரிகள் கலந்து வரும். அப்போது மேக் கட்டளையை ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டு, பிழை தனியாக வந்து நிற்கும். "கில்டு" என்று மட்டும் வந்து நின்றால் பெரும்பாலும் மெமரி போதவில்லை, கோடில் குறையில்லை. வேலைகளின் எண்ணிக்கையைக் குறை.

மூன்றாவது லிங்க். "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்றால் ஃபங்ஷனின் அறிவிப்பு கிடைத்துவிட்டது, அதன் உடல் கிடைக்கவில்லை என்று பொருள். எந்த லைப்ரரி விடுபட்டது, எதன் பதிப்பு மாறியது என்று பார்.

நான்காவது, ஓட்டிப் பார்ப்பது. எல்லாம் முடிந்தும் நிரல் லைப்ரரியைக் காணவில்லை என்றால் எல்டிடி கட்டளை எது விடுபட்டது என்று காட்டும். எல்டிகான்ஃபிக் ஓட்டியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓக்ரேயில் இன்னொன்றும் உண்டு. திரையில் வரையும் பகுதி தனி பிளகின். நிரல் ஓடும்போதுதான் ஏறும். பிளகின் கான்ஃபிக் கோப்பில் ஃபோல்டர் தவறாக இருந்தால், கம்பைல் சுத்தமாக முடிந்திருந்தாலும் விண்டோ திறக்காது.

ரெடிமேட் பேக்கேஜ் இருக்க இந்தப் பாடு எதற்கு என்று கேட்பாய். ஸ்டீவ் ஸ்ட்ரீட்டிங் தொடங்கிய இந்த எஞ்சினின் 1.0 பதிப்பு 2005இல் வந்தது. 1.7இலிருந்து எம்ஐடி லைசென்ஸில் கிடைக்கிறது. அதன் ஒவ்வொரு வரியையும் படிக்கவும் மாற்றவும் உனக்கு உரிமை உண்டு. நீயே கம்பைல் செய்யப் பழகினால்தான் அந்த உரிமை கைக்கு வரும். நிழல் ஏன் தவறாக விழுகிறது என்று தெரிய வேண்டுமா? எஞ்சினுக்குள்ளேயே ஒரு வரி சேர்த்து மறுபடி பில்ட் செய்; மாறிய கோப்பும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே கம்பைல் ஆகும்.

பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு இன்றே தொடங்கு. எந்தக் கட்டத்தில் நிற்கிறது, முதல் பிழை என்ன என்ற இரண்டையும் எழுதி அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா